எதிர்ப்பு வரும் முன்னும் வந்த பின்னும்: புதிய விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

முதல் தலைமுறையாக இயேசுவை ஏற்றுக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறோம். வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் விசுவாசியாக இருக்கலாம், அல்லது கணவன் மனைவி இருவர் மட்டும். சபை சிறியது, வாடகை வீட்டிலோ ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ கூடுகிறது. பரம்பரைக் கிறிஸ்தவர்களுக்கும் இதில் சில பகுதிகள் உதவும். ஆனால் குலதெய்வக் கோயில் கொடைக்கு வரி கொடுப்பதா வேண்டாமா என்று இரவெல்லாம் தூங்காமல் கிடக்கும் நிலை அவர்களுக்கு வந்திருக்காது.

எதிர்ப்பு வந்த அன்றைக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அமைதியான மாதங்களில் பழகி வைத்தது எதுவோ அதுதான் அன்று கைகொடுக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் முன்தயாரிப்பு பற்றியதே.

எதற்காகப் பாடுபடுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள்

எல்லா எதிர்ப்பும் கிறிஸ்துவினிமித்தம் வருவதில்லை. பேதுரு இதை ஒளிக்காமல் எழுதினார். கொலைபாதகனாகவோ, திருடனாகவோ, பொல்லாங்கு செய்தவனாகவோ, அந்நிய காரியங்களில் தலையிட்டவனாகவோ பாடுபடக்கூடாது என்கிறது 1 பேதுரு 4:15. அந்தப் பட்டியலின் கடைசிச் சொல்தான் நமக்கு அதிகம் பொருந்தும்.

உங்கள் கூட்டத்தை ஒரு வாரம் அக்கம்பக்கத்தார் கண்ணால் பாருங்கள். பத்துக்குப் பத்து அறையில் இருபது பேர் கூடுவதற்கு ஒலிபெருக்கி எதற்கு? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்து அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த இடத்தில் அதைப் பயன்படுத்தவே கூடாது. பைக்குகள் அடுத்த வீட்டு வாசலை மறிக்கின்றனவா? உபவாச ஜெபம் நள்ளிரவு வரை போகிறதா? இவற்றைச் சரிசெய்த பிறகும் பகை தொடர்ந்தால் அது வேறு பகை. சரிசெய்யாமலே "உபத்திரவம்" என்று சொல்லிக்கொள்வது சாட்சியைக் கெடுக்கும்.

மற்றவர்கள் வணங்கும் தெய்வங்களைப் பழித்துப் பேசுவதை இன்றே நிறுத்துங்கள். எபேசுவில் பவுலைச் சுற்றிக் கலகம் எழுந்தபோது, இந்த மனிதர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கவில்லை என்று அந்த ஊர் அதிகாரியே சாட்சி சொன்னார் (அப்போஸ்தலர் 19:37). உங்களைப் பற்றியும் உங்கள் ஊர்க்காரர் அப்படிச் சொல்லும்படி இருக்கவேண்டும்.

வீடு: மிகக் கடினமான இடம்

வெளியாரின் மிரட்டலைத் தாங்கிய பலர் அம்மாவின் அழுகையில் விழுந்திருக்கிறார்கள். ஆகவே வீட்டுக்குத்தான் அதிகத் தயாரிப்பு வேண்டும்.

எப்படிச் சொல்வது: விழா நாளிலோ, சாப்பாட்டு நேரத்திலோ, சண்டையின் நடுவிலோ சொல்லாதீர்கள். அப்பாவிடமோ அம்மாவிடமோ தனியாக, வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில், அவர்கள் பிறர் வாயால் கேட்பதற்கு முன் சொல்லுங்கள். சித்தப்பாவோ டீக்கடைக்காரரோ சொல்லி அவர்களுக்குத் தெரியவந்தால், மதம் மாறியதைவிட மறைத்ததே பெரிய காயமாகிவிடும். பேச்சு நீளவேண்டாம். "நான் இயேசுவை நம்புறேன். உங்க பிள்ளைங்கறது மாறல. என் கடமையில ஒண்ணும் குறையாது" என்பது போதும். பிரசங்கம் பண்ணாதீர்கள்.

அதற்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் வாயை மூடி வேலை செய்யுங்கள். வழக்கத்தைவிட ஒரு வேலை கூடுதலாக: தண்ணீர் பிடித்து வைப்பது, பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுக்கும் தொகையை ஒரு ரூபாயும் குறைக்காமல் கொடுப்பது. காணிக்கையால்தான் பெரும்பாலான வீடுகளில் முதல் சண்டை தொடங்குகிறது. உங்கள் கைச்செலவிலிருந்து மட்டும் கொடுங்கள். கணவருக்கோ மனைவிக்கோ தெரியாமல் கொடுக்காதீர்கள்.

வீட்டிலுள்ள சாமி படங்கள் உங்களுடையவை அல்ல. அவற்றைக் கழற்றவோ உடைக்கவோ உங்களுக்கு உரிமை இல்லை. ஆர்வக்கோளாறில் இதைச் செய்த புதிய விசுவாசிகள் அந்த வீட்டின் கதவைப் பல ஆண்டுகளுக்குச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

விழாவும் படையலும்: இதற்கு 1 கொரிந்தியர் 8-ஆம், 10-ஆம் அதிகாரங்களைப் போதகரோடு உட்கார்ந்து படியுங்கள். சாப்பிட வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடலாம். "இது படைத்தது" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அவருடைய மனச்சாட்சிக்காக வேண்டாம் என்று சொல்லவேண்டும் என்பது பவுலின் வழி. வேண்டாம் என்பதைக் கையைத் தட்டிவிட்டுச் சொல்லக்கூடாது. "எனக்குச் சோறு மட்டும் போதும்மா" என்றால் வேலை முடிந்தது. கொடைக்கு வரி கேட்டால், பந்தி, தண்ணீர், ஊர்ச் சாலை போன்ற பொதுச் செலவுக்குக் கொடுக்கத் தயார் என்று முன்கூட்டியே பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். விழாவன்று வாக்குவாதம் செய்யாதீர்கள்.

சாவு வீடு இதைவிடக் கடினம். மூத்த மகன் கொள்ளி வைக்க மாட்டேன் என்றால் ஊரே எதிராக நிற்கும். தகப்பன் உயிரோடு இருக்கும்போதே இதைப் பேசவேண்டும். எந்தச் சடங்கில் நிற்பீர்கள், எதில் தம்பி நிற்பார் என்பதை அவரிடமும் தம்பியிடமும் முன்பே ஒத்துக்கொள்ளுங்கள். பாடை தூக்குவது, செலவை ஏற்பது, பந்தலில் கடைசிவரை இருப்பது, அம்மாவைத் தனியே விடாதது எல்லாவற்றையும் மற்றவர்களைவிட அதிகமாகச் செய்யுங்கள். சடங்கில் விலகிவிட்டு உழைப்பிலும் விலகினால் உங்கள் மறுப்பு சுயநலமாகத்தான் தெரியும்.

தாலி, பொட்டு, பூ விஷயத்தில் சபைக்குச் சபை கருத்து வேறு. புதிதாக வந்த பெண்ணிடம் முதல் மாதமே "தாலியைக் கழற்று" என்று யாரும் அழுத்தக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அவள் கணவன் அதைத் தன்னைக் கழற்றிப் போட்டதாகவே எடுத்துக்கொள்வான். கணவன் விசுவாசியாக இல்லாவிட்டாலும், சேர்ந்து வாழச் சம்மதித்தால் பிரியவேண்டாம் என்பதே வேதம் (1 கொரிந்தியர் 7:12, 13). அடி உதை இருந்தால் அது வேறு. அடிவாங்கிக்கொண்டு வீட்டில் கிடப்பது விசுவாசத்தின் அளவுகோல் அல்ல. பெண்கள் உதவி எண் 181.

நோயும் இழப்பும் வரும்போது

"சாமியை விட்டதால்தான் இப்படி ஆச்சு." மாடு செத்தாலும், கரு கலைந்தாலும், வேலை போனாலும் இந்த வாக்கியம் வரும். சுகம் கிடைத்ததால் சபைக்கு வந்தவர்களை இது பலமாகத் தாக்கும். நோய் திரும்பினால் விசுவாசமும் அதோடு போய்விடும். இதற்கு மருந்து, பாடுகளைப் பற்றிய போதனையை ஞானஸ்நானத்துக்கு முன்பே பெறுவது.

தேவசகாயம் பிள்ளையின் கதையில் இது தெளிவாக இருக்கிறது. நட்டாலத்தில் 1712-ல் பிறந்த அவருடைய பழைய பெயர் நீலகண்ட பிள்ளை. அவர் குடும்ப இழப்புகளால் கலங்கி நின்றபோது, திருவிதாங்கூர்ப் படையிலிருந்த டி லனாய் அவருக்கு, எல்லாம் இழந்தும் தேவனை விடாத யோபுவின் கதையைச் சொன்னார். செழிப்பை வாக்களித்து அவரை யாரும் அழைக்கவில்லை. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார், 1749-ல் கைது, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். இடையிலிருந்த மூன்று ஆண்டுகளைக் கவனியுங்கள். சுட்டுக் கொன்றது ஒரு நொடி. அதற்கு முன் நாள் நாளாக அவமானம், அடி, காத்திருப்பு. உபத்திரவம் பெரும்பாலும் இப்படி மெதுவாகத்தான் அரிக்கும். 2022-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

அழுது ஜெபிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். முதல் இரண்டில் சங்கீதக்காரன் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறான். அடுத்த இரண்டில் என்ன வேண்டும் என்று கேட்கிறான். கடைசி இரண்டில் நம்பிக்கை சொல்கிறான். உங்கள் ஜெபத்தையும் இந்த வரிசையிலேயே வையுங்கள். முதல் பகுதியைத் தாண்டிக் குதித்து நேரே துதிக்குப் போகும்படி வற்புறுத்துகிறவர்கள், துக்கத்திலிருப்பவர்களை வாயடைத்துப் போகச் செய்கிறார்கள். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

மனப்பாடம்

ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் 303-ல் தொடங்கிய உபத்திரவத்தில் முதல் ஆணைகளில் ஒன்று வேதநூல்களைப் பிடுங்கி எரிப்பது. இன்றும் கூட்டத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் வேதாகமத்தைக் கிழிக்கிறார்கள். காவல் நிலையத்தில் போன் பறிபோகும். நெஞ்சில் இருப்பதை யாரும் எடுக்க முடியாது.

சங்கீதம் 23, 13, 121, 130, 46, 27, மத்தேயு 5:3–12, ரோமர் 8:31–39, பிலிப்பியர் 4:4–7. இவை மொத்தம் 76 வசனம். வாரம் இரண்டு என்றால் 38 வாரத்தில் முடியும். திங்களும் வியாழனும் புதிய வசனம். மற்ற நாட்களில் பழையதைச் சொல்லிப் பார்ப்பது. ஞாயிறன்று முதலிலிருந்து எல்லாம். கண்ணால் படிப்பதைவிட வாய்விட்டுச் சொல்வது சீக்கிரம் பதியும். பாத்திரம் கழுவும்போதும் வண்டி ஓட்டும்போதும் சொல்லுங்கள். வழக்கமாக எங்கே தவறுகிறது என்றால், ஆர்வத்தில் முதல் வாரமே பத்து வசனம் எடுப்பார்கள், மூன்றாம் வாரம் விட்டுவிடுவார்கள். வாரம் இரண்டைத் தாண்டவேண்டாம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கீர்த்தனைகளும் பாமாலைகளும் இதே வேலையைச் செய்யும். ருமேனியாவில் மொத்தம் 14 ஆண்டு சிறையிருந்த போதகர் ரிச்சர்ட் உம்பிராண்ட் தனிமைச் சிறையில் இரவுதோறும் மனத்துக்குள்ளேயே ஒரு பிரசங்கம் கட்டிச் சொல்லி முடித்தார். வெளியே இருந்தபோது சேர்த்தது இருந்ததால்தான் அது முடிந்தது.

ஞானஸ்நானத்துக்கு முன் காகிதங்களைப் பாருங்கள்

பல போதகர்கள் இதைச் சொல்வதில்லை. சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே பட்டியல் சாதி நிலை உண்டு. தமிழ்நாட்டில் கிறிஸ்தவராக மாறிய பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். சபைக்குப் போய்க்கொண்டே இந்து என்று சான்றிதழ் பெறுவதை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ஒரு புதுச்சேரி வழக்கில் கடுமையாகக் கண்டித்தது. பழங்குடியினருக்கு இந்த மதக் கட்டுப்பாடு இல்லை. பட்டியல் சாதியினரிடம் மட்டும் இந்த விலை கேட்கப்படுவது அநியாயம் என்றே நாங்கள் நினைக்கிறோம். ஆனாலும் விலையைத் தெரிந்துகொண்டு தீர்மானியுங்கள். பொய்ச் சான்றிதழின்மேல் கட்டிய வேலை எந்த நாளும் இடியலாம். உங்களை மிரட்ட நினைப்பவன் கையில் அது ஆயுதமாகவும் இருக்கும்.

"மதம் மாறினால் சொத்தில் பங்கில்லை" என்று மிரட்டுவார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு மாறியவரின் வாரிசுரிமையைப் பறிக்கவில்லை. மாறிய பின் பிறக்கும் பிள்ளைகள்தான் இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. தகப்பன் சுயமாகச் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம் என்பதும் உண்மை. திருமணமானவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளவேண்டும்: இந்து திருமணச் சட்டத்தில் துணைவரின் மதமாற்றம் விவாகரத்துக்கு ஒரு காரணம். ஆகவே வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

பெயர் மாற்றியே ஆகவேண்டும் என்று வேதத்தில் எங்கும் இல்லை. ஆதாரில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஞானஸ்நானச் சான்றிதழில் ஒன்று என்று மூன்று பெயர் வைத்துக்கொண்டு அல்லாடவேண்டாம்.

தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. வடக்கே ஊழியத்துக்கோ வேலைக்கோ போகிறவர்கள் அந்தந்த மாநிலச் சட்டத்தைப் படித்துவிட்டுப் போகவேண்டும். உத்தரப்பிரதேசத்தின் 2021 சட்டப்படி மதம் மாற விரும்புகிறவர் 60 நாள் முன்னதாக மாவட்ட ஆட்சியருக்கு (அங்கே டி.எம். என்பார்கள்) அறிவிக்கவேண்டும்; 2024 திருத்தத்துக்குப் பின் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம், சில குற்றச்சாட்டுகளுக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. அங்கே அரிசி, துணி, மருந்து போன்ற உதவிகளை ஜெபக்கூட்டத்தோடு சேர்க்கவே கூடாது. எந்த மதத்தவருக்கும் பொதுவாக, தனி நாளில், கணக்கெழுதிக் கொடுங்கள்.

எந்த மாநிலமானாலும், ஞானஸ்நானப் படங்களை முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் போடாதீர்கள். வீட்டில் இன்னும் சொல்லாத ஒரு பெண்ணின் முகம் அதில் இருக்கும். பெற்றோர் சம்மதமின்றிப் பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் கூடாது.

கூட்டத்துக்குள் ஆட்கள் நுழைந்தால்

வேலைகளை முன்பே பிரித்து வையுங்கள். ஒருவர் 112-க்கு அழைப்பார். ஒருவர் வாசலில் நின்று பேசுவார். அவர் கோபக்காரராக இருக்கக்கூடாது. ஒருவர் சற்றுத் தள்ளி நின்று வீடியோ எடுத்து, அந்த நிமிடமே வெளியூரில் உள்ள ஒருவருக்கு அனுப்புவார், ஏனென்றால் போன் உடைபடும். பெண்களில் இருவர் பிள்ளைகளைப் பின்வாசல் வழியே வெளியேற்றுவார்கள். மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கட்டும்.

யாரையும் தள்ளாதீர்கள். ஒரு தள்ளல் போதும், வழக்கு இரு தரப்பு அடிதடியாக மாறிவிடும். உரக்கப் பாடி எதிர்ப்பதும் வேண்டாம். முழக்கமிடச் சொன்னால் மௌனமாக இருங்கள்.

காயம் இருந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய், எப்படி ஏற்பட்டது என்பதைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மறுநாள் போனால் "அப்போது ஏன் வரவில்லை" என்று கேட்பார்கள். பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியாக, அடுத்தவரோடு பேசுவதற்கு முன், நேரம், முகங்கள், சொன்ன சொற்கள், வண்டி எண்கள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். மிகைப்படுத்தாதீர்கள். பத்துப் பேர் வந்ததை ஐம்பது என்று எழுதினால், உண்மையான பத்தும் பொய்யாகிவிடும்.

காவல் நிலையத்தில்

புகாரை இரண்டு படியாக எழுதுங்கள். ஒன்றில் முத்திரையோடு பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள், தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான காவல் நிலைய ரசீது) கேளுங்கள். வழிபாட்டுக் கூட்டத்தைக் குலைப்பது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 300-ஆம் பிரிவு. வழிபாட்டு இடத்தையோ புனிதப் பொருளையோ சேதப்படுத்துவது 298. முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம். பதிய மறுத்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4)-இன்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பி, அதற்கும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) போகலாம்.

உங்களையே பிடித்து வைத்தால்: கைதுக்குக் காரணம் சொல்லவேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விடவேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தவேண்டும். இவை அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவில் உள்ளவை. பெண்களைச் சூரியன் மறைந்த பின் கைது செய்ய நடுவரின் முன்அனுமதியும் பெண் அதிகாரியும் வேண்டும். பணமில்லாதவர்கள் இலவசச் சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம்.

பலர் வழுக்குவது "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்னும்போதுதான். "இனி ஜெபம் நடத்த மாட்டோம்" என்று ஒரு தாள் வரும். நேரம் இரவு பத்து, பிள்ளைகள் வீட்டில், களைப்பு. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் ஐயா" என்று பணிவாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

சட்டத்தைத் தேடுவது விசுவாசக் குறைவு என்று நினைக்கவேண்டாம். விசாரிக்காமல் ரோமக் குடிமகனை அடிக்கலாமா என்று பவுல் கேட்டார். இராயனிடம், அதாவது ரோமப் பேரரசனிடம், மேல்முறையீடும் செய்தார். மன்னிப்பதும் சாட்சி சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனரியான தன் கணவர் கிரஹாம் ஸ்டெயின்ஸையும் பிலிப், திமோத்தி என்ற இரண்டு மகன்களையும் உயிரோடு எரித்தவர்களைக் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் வெளிப்படையாக மன்னித்தார். வழக்கும் நடந்தது, குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை 2011-ல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது.

ஊரைவிட்டுப் போகலாமா

போகலாம். "ஒரு பட்டணத்தில் உங்களைத் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்திற்கு ஓடிப்போங்கள்" என்றவர் இயேசுவே. திருநெல்வேலிச் சீமையில் அடித்து விரட்டப்பட்ட விசுவாசிகளுக்காக 1799-ல் உருவானதுதான் முதலூர். ஆனால் இரவோடிரவாகத் தனியே ஓடாதீர்கள். எங்கே தங்குவது, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ், ரேஷன் அட்டை, நிலப்பத்திர நகல் ஆகியவை ஒரு பையில் தயாராக இருக்கட்டும். வெளியூர்ச் சபை ஒன்றோடு முன்பே பேசி வையுங்கள்.

விழுந்துவிட்டால்

பயத்தில் மறுதலித்துவிட்டீர்கள். திருநீறு பூசிக்கொண்டீர்கள், அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டீர்கள், வீடியோவில் "இனி போகமாட்டேன்" என்றீர்கள். இப்போது சபைக்குப் போக வெட்கம்.

திருச்சபைக்கு இது புதிதல்ல. 250-ல் ரோமப் பேரரசன் டீசியஸ் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்று ஆணையிட்டபோது, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் திரளான விசுவாசிகள் போய்ப் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். அவர்களைத் திரும்பச் சேர்க்கவே கூடாது என்றது ஒரு கூட்டம். உடனே, ஒன்றும் கேட்காமல் சேர்க்கலாம் என்றது இன்னொன்று. ஆயர் சிப்ரியான் இரண்டையும் ஏற்கவில்லை. மனந்திரும்பக் காலம் கொடுத்து, செயலின் தன்மையைப் பார்த்து, திரும்பச் சேர்க்கும் வழி வகுத்தார். அந்த ஆயர்தான் 250-ல் ஒளிந்திருந்தவர்; 258-ல் ஓடாமல் நின்று தலைகொடுத்தார். சீனப் போதகர் வாங் மிங்டாவ் 1955-ல் கைதாகி, அழுத்தத்தில் ஒப்புதல் எழுதிக் கொடுத்து வெளியே வந்தார். மனம் உடைந்து அதை மறுத்தார். மறுபடி உள்ளே போய் 1980-ல்தான் விடுதலையானார்.

ஆகவே செய்யவேண்டியது இது. ஒரு வாரத்துக்குள், தாமதிக்காமல், ஒரே ஒருவரிடம், போதகரிடமோ நம்பிக்கையான மூத்த விசுவாசியிடமோ நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் திரும்புவது கடினமாகும். வேறு யாருடைய பெயரையாவது சொல்லியிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், அவர்களை எச்சரிக்கவேண்டும். சபை முன் அறிக்கை செய்வது பற்றிப் பிறகு பார்க்கலாம்.

மூப்பர்களுக்கு: வந்தவரைத் திட்டாதீர்கள், ஏன் என்று துருவாதீர்கள். இராப்போஜனத்துக்கு (திருவிருந்துக்கு) மறுபடி எப்போது வரலாம் என்பதைத் தேதி குறித்துச் சொல்லுங்கள். தேதி இல்லாத காத்திருப்பில்தான் ஆட்கள் காணாமல் போகிறார்கள்.

சபையின் பங்கு

ஒருவர் சிறையிலோ மருத்துவமனையிலோ இருந்தால் முதல் வாரம் எல்லாரும் வருவார்கள். ஆறாம் வாரம் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் முதல் கூட்டத்திலேயே ஆறு மாதத்துக்கு அட்டவணை எழுதுங்கள். திங்களன்று அந்த வீட்டுக்கு யார் போவது, மாத வாடகை யார் பொறுப்பு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் யார், வழக்குத் தேதிகளுக்கு யார் உடன் போவது. பணத்தை இரண்டு பேர் சேர்ந்து கையாண்டு, செலவைத் தாளில் எழுதி, அந்தக் குடும்பத்துக்கும் காட்டுங்கள். மனைவி விசுவாசியாக இல்லாவிட்டால், உதவியோடு சேர்த்துச் சபைக்கு அழைக்காதீர்கள். அரிசியை வைத்துவிட்டு, அடுத்த வாரம் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.